பின்வரிசையில் உட்காருபவர்களுக்கு

படத்தொகுப்பு வேலையோடு சேர்த்துப் பல வருடங்களாக மாலை வகுப்பும் எடுக்கிறேன். ஒவ்வொரு அணியிலும் பின்வரிசையில் நான்கைந்து பேர் இருப்பார்கள். நாற்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். வேறு வேலையிலிருந்து ஊடகத் தொழிலுக்கு மாற நினைப்பவர்கள். வேலை முடிந்து நேராக வந்திருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி என்னிடம் வருவார்கள். கேட்பது ஒரே கேள்விதான்: "சார், எனக்கு வயசு தாண்டிப்போச்சா?"

வயதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இருபது வருட அனுபவத்தை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களாக உள்ளே வந்து உட்காருகிறார்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

ஒரு செவிலியர் படிக்க வந்தார். எல்லோரும் படிக்கிறார்கள் என்று மோஷன் கிராபிக்ஸ், அதாவது எழுத்தையும் படங்களையும் கணினியில் அசையவைக்கும் கலை, எடுத்தார். மூன்று மாதம் திணறினார். அப்புறம், "உங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைப் படமாக எடுத்து வாருங்கள்" என்றேன். படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியை வலிக்காமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஐந்து நிமிடப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். கை எங்கே போகிறது, எந்த நொடியில் நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த வகுப்பில் வேறு யாராலும் அதை அப்படி வெட்டியிருக்க முடியாது. இன்று மருத்துவப் பயிற்சிப் படங்கள்தான் அவருக்கு முழுநேரத் தொழில்.

அமெரிக்க இயக்குநர் ஏவா டுவெர்னே திரைப்படங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்துகொண்டிருந்தவர். முதன்முதலில் கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 32. தன் முதல் கதைப்படத்தை 2011-இல் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தபோது, அதற்கான விநியோக அமைப்பையும் அவரே உருவாக்கியிருந்தார். பழைய தொழில் புதிய தொழிலுக்கு முதலீடாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதனால், படிப்பைத் தேடுவதற்கு முன்னால் வேலையைத் தேடுங்கள். ஊடகம் என்றதும் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மட்டும்தான் நினைவுக்கு வரும். தயாரிப்புக் கணக்கு, ஆவணப்பட ஆய்வு, ஒலிச் சீரமைப்பு, திரையின் அடியில் வரும் வசன வரி எழுதுவது, படப்பிடிப்பில் ஷாட்டுக்கு ஷாட் உடையும் பொருளும் மாறாமல் தொடர்ச்சி பார்ப்பது என்று இன்னும் எவ்வளவோ இருக்கிறது. கணக்காளராக இருந்தவர் தயாரிப்புக் கணக்குக்குள் நுழைவது, புதிதாக கேமரா பிடிக்கக் கற்பதைவிடப் பல மடங்கு எளிது. நீங்கள் விரும்பும் வேலைக்கான பத்து விளம்பரங்களைச் சேர்த்து வைத்து, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லித்தரும் படிப்பில் மட்டும் சேருங்கள். சேருமுன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பாடம் எடுப்பவர் இப்போதும் தொழிலில் இருக்கிறாரா? கருவிகள் மாலையிலும் விடுமுறை நாளிலும் கிடைக்குமா? பகலில் மட்டும் திறக்கும் ஸ்டுடியோ வேலைக்குப் போகிறவருக்குப் பயன்படாது.

மென்பொருள் பயம் வேண்டாம். படத்தொகுப்புக்கான டாவின்சி ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது. முப்பரிமாண அனிமேஷனுக்கான பிளெண்டர் முழுக்கவே இலவசம். கருவிகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2011-இல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற படத்தொகுப்பு மென்பொருள் வந்தபோது, பழைய பதிப்பில் செய்த புராஜெக்டுகளை அதில் திறக்கவே முடியவில்லை. பல வருடம் அதிலேயே ஊறியவர்கள் ஒரே நாளில் புதியவர்கள் ஆனார்கள். ஆனால் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்த கண் அவர்களிடம் அப்படியே இருந்தது.

பணத்தைப் பற்றித்தான் நான் கண்டிப்பாகப் பேசுவேன். சேர்ந்த உற்சாகத்தில் வேலையை விட்டுவிடாதீர்கள். ஃப்ரீலான்ஸ் வேலையில் இன்வாய்ஸ் அனுப்பி 30 நாள், 60 நாள் கழித்துப் பணம் வருவது சாதாரணம். சில சமயம் அதுவும் தள்ளிப்போகும். குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். பணம் தரும் வாடிக்கையாளர் இரண்டு பேராவது அமைந்த பிறகு ராஜினாமா பற்றி யோசிக்கலாம். இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். படிப்பைப் பாதியில் நிறுத்தியவர்களில் நான் பார்த்த பலர் திறமை இல்லாமல் நிறுத்தவில்லை. வாரத்தில் எத்தனை மணிநேரம் தனக்கு வேண்டும் என்று வீட்டில் சொல்லாமலேயே தொடங்கியவர்கள் அவர்கள்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவர் பக்கத்தில் நின்று, "இந்த ஷாட் வேண்டாம்" என்பார். முந்தைய வேலையில் நீங்கள் மேலாளராக இருந்திருக்கலாம். இங்கே உதவியாளர். முதல் வருடம் அது வலிக்கத்தான் செய்யும்.

வேலை கேட்கும்போது காட்டும் ஷோரீல், அதாவது உங்கள் வேலைகளின் தொகுப்புப் படம், ஒன்றரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். சிறந்த வேலை முதல் பத்து நொடிக்குள் வந்துவிட வேண்டும். பாடுபட்டு எடுத்ததாயிற்றே என்று சுமாரான காட்சியைச் சேர்க்காதீர்கள்.

இப்போதெல்லாம் பின்வரிசைக்காரர்களுக்கு முதல் நாளே ஒரு தாள் கொடுத்துவிடுகிறேன். இதுவரை பார்த்த வேலையில், யாரும் சொல்லித்தராமல் நீங்களாகவே கண்டுகொண்ட மூன்று விஷயங்களை எழுதுங்கள் என்பேன். எழுதி முடிக்க ஒரு வாரம்கூட ஆகிறது. சரி, ஆகட்டும். அவர்களுடைய முதல் பயிற்சிப் படத்தை அந்தத் தாளிலிருந்துதான் தேர்ந்தெடுக்கிறோம்.