திருநங்கையைக் கைது செய்தால் எந்தச் சட்டம் பொருந்தும்?

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் உள்ள பகாவ் டவுனில் சேலை கட்டிய இரண்டு திருநங்கைகள் சேர்ந்து கடைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இந்து, மற்றவர் தமிழ் முஸ்லிம். இருவருக்கும் சட்டம் ஒன்றல்ல.

ஐசியை, அதாவது அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். முஸ்லிம்களின் அட்டையில் மட்டும் முன்பக்கம் ‘இஸ்லாம்’ என்று அச்சிட்டிருக்கும். நெகிரி செம்பிலான் ஷரியா குற்றவியல் சட்டம் 1992, பிரிவு 66-இன்படி, முஸ்லிம் ஆண் பொது இடத்தில் பெண் உடை அணிந்தால் 1,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மற்ற மதத்தவர்மேல் மாநில இஸ்லாமிய மத இலாகா இந்தப் பிரிவைப் போட முடியாது. கல்யாணத்துக்காக இஸ்லாத்துக்கு மாறியவருக்கும் இது பொருந்தும். மாறுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

முஸ்லிம் அல்லாதவரைப் போலீஸ் சிறு குற்றங்கள் சட்டம் 1955, பிரிவு 21-இன் கீழ் ‘அநாகரிக நடத்தை’ என்று பிடிப்பதுண்டு. சேலை கட்டுவது எப்படி அநாகரிகமாகும் என்று வழக்கறிஞர் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பிரிவு 66-ஐ எதிர்த்து இதே மாநிலத்து முஸ்லிம் திருநங்கைகள் மூவர் கோர்ட்டுக்குப் போனார்கள். கௌரவமாக வாழும் உரிமையை அது பறிக்கிறது என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் 2015 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், வழக்கு தொடுத்த முறையே தவறு என்று அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அந்தப் பெண்கள் எழுப்பிய கேள்விக்கு அங்கே பதிலே கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது.

இஸ்லாமிய மார்க்கத்திலேயே திருநங்கைகளுக்கு இடமில்லை என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறவியிலேயே பெண்தன்மை உள்ளவர்மேல் குற்றமில்லை, வேண்டுமென்றே வேஷம் போடுபவரைத்தான் நபிமொழியான ஹதீஸ் கண்டிக்கிறது என்று 13-ஆம் நூற்றாண்டு அறிஞர் இமாம் நவவி பிரித்துச் சொல்லியிருக்கிறார். மலேசிய ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) பாலின மாற்று அறுவையைத் தடுக்கிறது. பிறவியில் இருபால் உறுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. ஈரானிலோ மார்க்க அறிஞர்களே அதை அனுமதித்திருக்கிறார்கள்.

சரி, ஐசியில் பாலினத்தை மாற்ற முடியுமா? அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. அதனால் மாற்றினால் எண்ணும் மாறவேண்டும். கோர்ட் ஆணை இல்லாமல் பதிவு இலாகா அசையாது. கோர்ட்டிலும் நிச்சயமில்லை: 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவருக்கு அனுமதித்தது, ஈப்போ உயர் நீதிமன்றமோ இன்னொருவருக்கு மறுத்தது.

பிடிபட்டால் காரணத்தைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 5-ஆம் விதி அந்த உரிமையைத் தருகிறது, வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையையும் தருகிறது. போலீஸ் பிடித்தால் வீட்டுக்கும் போன் செய்ய விடவேண்டும். போலீஸ் பிடிக்கும் குற்ற வழக்குகளில் வசதியில்லாத குடிமக்களுக்கு தேசிய சட்ட உதவி அறநிறுவனமான ஒய்பிஜிகே இலவச வழக்கறிஞரைத் தருகிறது. அதன் நம்பரைப் பிள்ளையின் போனில் மட்டுமல்ல, அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.