படத்துக்குப் படம் மாறும் லோகோ: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

நாகர்கோவிலில் குறும்படங்களுக்கும் பக்திப்பாடல் ஆல்பங்களுக்கும் கல்யாண வீடியோக்களுக்கும் டைட்டிலும் லோகோவும் செய்து கொடுப்பது என் தொழில். அண்மையில் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து குறும்படக் குழுவினர் சிலர் வந்தார்கள். பாய் விரித்த கட்டுமரம் ஒன்று அலைமேல் ஏறி வந்து நிற்க, அதன் கீழே அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் எழும் பத்து விநாடி லோகோவை முன்பு நான்தான் செய்து கொடுத்திருந்தேன். புதிய படம் 2017 நவம்பரில் அடித்த ஒக்கி புயலைப் பற்றியது என்பதால், இந்தப் படத்துக்கு மட்டும் அதை மாற்றித் தர வேண்டும் என்றார்கள். "லோகோ முழுசும் வெள்ளத்துக்குள்ள முங்கணும் அண்ணே" என்றார் இயக்குநர்.

ஹாலிவுட்டில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். 1995இல் வந்த 'வாட்டர்வேர்ல்டு' படத்தில் யுனிவர்சல் நிறுவனத்தின் உலக உருண்டை வழக்கம்போல் வருகிறது. பிறகு துருவப் பனி உருகி, நிலப்பரப்பைக் கடல் விழுங்குகிறது. படத்தின் கதையும் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. ஆனால் அந்த உருண்டையை நாம் அடையாளம் கண்டுகொண்ட பிறகுதான் தண்ணீர் ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை. இரண்டாம் விநாடியிலேயே கட்டுமரத்தை மூழ்கடித்து ரெண்டர் செய்து (முழு வீடியோவாக்கி), கைபேசியில் போட்டு வேறு சிலருக்குக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். எந்த நிறுவனத்தின் லோகோ என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

லோகோவை மாற்றும் வழக்கம் கணினி வருவதற்கு முன்பே இருந்தது. 1959இல் வந்த 'த மவுஸ் தட் ரோர்டு' படத்தில் கொலம்பியா நிறுவனத்தின் தீப்பந்தப் பெண்மணி ஒரு எலியைக் கண்டு பீடத்திலிருந்து இறங்கி ஓடுகிறார். 1981இல் 'ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தில் பாரமவுண்டின் மலைச்சிகரம் அதே வடிவுள்ள நிஜச் சிகரமாகக் கரைந்து மாறுகிறது. இதுவரை நான் பார்த்தவற்றில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். லோகோவில் ஒரு கோட்டைக்கூடத் தொடாமல், அதையே படத்தின் முதல் காட்சிக்கு வாசலாக்கியிருக்கிறார்கள். நிறத்தை மட்டும் மாற்றுவது இன்னொரு வழி. 1999இல் வந்த 'த மேட்ரிக்ஸ்' படத்தில் வார்னர் பிரதர்ஸ் கேடயம் பச்சை நிறம் கொண்டது. ஹாரி பாட்டர் வரிசையில் கதை இருண்டுகொண்டே போகப் போக அதே கேடயமும் பொலிவிழந்துகொண்டே போனது. இவை எதிலும் கேடயத்தின் வடிவம் சிதையவில்லை.

ஒலிக்கும் இது பொருந்தும். ஆல்ஃபிரட் நியூமன் 1933இல் அமைத்த இசைதான், இன்று ட்வென்டியத் செஞ்சுரி ஸ்டூடியோஸ் என்று பெயர் மாறிவிட்ட ஃபாக்ஸ் நிறுவனத்தின் முகப்பில் ஒலிக்கும் முழக்கத்துக்கு மூலம். 1992இல் வந்த 'ஏலியன் 3' படத்தில் அந்த முழக்கம் முடிய வேண்டிய இடத்தில் முடியாமல், கடைசிக்கு முந்தைய சுரத்திலேயே அறுபடாமல் நீண்டு அச்சமூட்டுகிறது. 2018இல் 'பொஹீமியன் ராப்சடி' படத்துக்காக குயீன் இசைக்குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் அதையே எலெக்ட்ரிக் கிட்டார் முழங்க வாசித்தார்கள். மூல மெட்டு காதில் ஏற்கெனவே பதிந்திருப்பதால்தான் இரண்டுமே வேலை செய்கின்றன. ஜெமினி ஸ்டூடியோ லோகோவில் ஊதுகுழல் ஏந்திய இரட்டைக் குழந்தைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்கிய நிறுவனம் முதல் படத்திலேயே லோகோவை மாற்றக் கேட்டால் நான் மறுத்துவிடுவதற்கும் இதுதான் காரணம்.

ஒக்கி படத்துக்கு மறுபடி உட்கார்ந்தேன். விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) என்ற கணக்கில் அந்த லோகோ 240 பிரேம். பாய் நீங்கலாகக் கட்டுமரத்தின் வெளிக்கோடு, அது வந்து நிற்கும் இடம், பெயர் எழும் நேரம் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். கட்டுமரம் எப்போதும்போல் வந்து நிற்கிறது, பெயரும் எழுகிறது. ஆனால் பாய் இல்லை, வெறும் பாய்மரம் மட்டும் நிற்கிறது. வழக்கமான அலையோசைக்குப் பதிலாகக் காற்றின் ஓசை. கடைசி 48 பிரேமில் தண்ணீர் எழுத்துகளின் பாதிவரை ஏறி நின்றுவிடுகிறது. முழுவதும் முங்கவில்லையே என்று இயக்குநருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். திரையிட்டுப் பார்த்த பிறகு சரி என்றார்.

இனி உரிமையைப் பற்றி. லோகோவை மாற்றும் உரிமை அதன் உரிமையாளருக்கு மட்டுமே உண்டு. மேலே சொன்ன மாற்றங்களெல்லாம் அந்தந்த ஸ்டூடியோவின் இசைவோடு நடந்தவை. நம் மாவட்டத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறோம். ஒரு வெளிநாட்டு ஸ்டூடியோவின் லோகோவில் மணமக்கள் பெயரை ஏற்றி, அதன் முழக்கத்தையும் அப்படியே சேர்த்து நானே முன்பு ஒரு வீட்டாருக்குச் செய்து கொடுத்தேன். அவர்கள் இணையத்தில் ஏற்றியதும் இசை கண்டறியப்பட்டு, தாலி கட்டும் காட்சி உட்பட வீடியோ முழுவதும் ஊமையாகிவிட்டது. தவறு என்னுடையது, அன்றோடு அந்த டெம்ப்ளேட்டுகளை அழித்துவிட்டேன்.

சொந்த லோகோ வைத்திருப்பவர்கள் அதை 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் (டிரேட்மார்க்) சட்டத்தின்கீழ் பதிந்துகொள்வது நல்லது. பொருள்களையும் சேவைகளையும் வகுப்புகளாகப் பிரித்தே பதிகிறார்கள்; பொழுதுபோக்குச் சேவைகளுக்கு 41ஆம் வகுப்பு. தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு பத்தாண்டு செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, 30 விநாடிக்கு மிகாத எம்பி3 கோப்பும் சுரக்குறிப்பும் கொடுத்து முகப்பு ஒலியையும் பதிய விண்ணப்பிக்கலாம். பதிய வேண்டியது மூல வடிவத்தை. ஒரு படத்துக்கென மாற்றியதை அல்ல. குறியின் அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத மாற்றங்களோடு பயன்படுத்தியதையும் பதிந்த குறியின் பயன்பாடாகவே ஏற்க அச்சட்டத்தின் 55ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டுமரத்தின் வெளிக்கோட்டை நான் காப்பாற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரைந்தவரிடமிருந்து பதிப்புரிமையை எழுதி வாங்குவதையும் விட்டுவிடக் கூடாது. கையெழுத்திட்ட எழுத்து இல்லாத உரிமை மாற்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி செல்லாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். லேயர்கள் (படம், எழுத்து முதலிய தனித்தனி அடுக்குகள்) பிரிந்திருக்கும் ப்ராஜெக்ட் ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். ரெண்டர் செய்த வீடியோவை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த படத்துக்கு எதையும் மாற்ற முடியாது. ஒக்கி குழுவினரிடம் ஃபைலைக் கொடுத்தபோது பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். காலத்தை எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. புதிய தாளில் காலத்தையும் எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்பினேன்.