பெட்டியோடு வந்த பிரஷ்

கொரோனா முதல் அலை தணிந்து, விமானங்கள் மெல்ல ஓடத் தொடங்கியிருந்த சமயம். வியாசர்பாடியில் கல்யாண ஊர்வலக் குதிரைகள் நிற்கும் ஒரு லாயத்திலிருந்து, குதிரைக்கு வயிற்றுவலி என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது உரிமையாளரின் தம்பி வாசலில் பெட்டியோடு நின்றிருந்தார். வளைகுடாவில் பந்தயக் குதிரைகளைப் பராமரிக்கும் வேலை. அன்று காலைதான் வந்து இறங்கியிருக்கிறார். "அண்ணனுக்கு எடுத்துட்டு வந்தேன் டாக்டர்" என்று ஒரு கடிவாளத்தையும் உடம்பு தேய்க்கும் பிரஷ்ஷையும் காட்டினார். பிரஷ் நார்களுக்கு நடுவே பழுப்பு ரோமம் இன்னும் சிக்கியிருந்தது.

எனக்கு 2007 ஆகஸ்ட்தான் ஞாபகம் வந்தது. குதிரைக் காய்ச்சலே (குதிரைகளுக்கு வரும் ஃப்ளூ) இல்லாமல் இருந்த ஆஸ்திரேலியாவுக்கு, ஜப்பானிலிருந்து வந்த பொலிகுதிரைகளோடு அது வந்தது. அவற்றைச் சிட்னி அருகே தனிமைப்படுத்தல் நிலையத்தில்தான் வைத்திருந்தார்கள். குதிரைகள் உள்ளேயே நிற்க, கிருமி வெளியே போய்விட்டது. அங்கே வேலை பார்த்தவர் யாருடைய உடம்பிலோ உடையிலோ கருவியிலோ ஒட்டிப் போயிருக்க வேண்டும் என்றது விசாரணை. இரண்டு மாநிலங்களில் பந்தயங்கள் நின்றன. மறு வருஷம், 2008-இல், நம் நாட்டிலும் ஜம்மு பக்கம் கத்ராவில் குதிரைக் காய்ச்சல் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது.

பந்தயக் குதிரை நாடு தாண்ட வேண்டுமானால் பாஸ்போர்ட், தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு. கூட வரும் ஆட்களின் பூட்ஸை யார் பார்க்கிறார்கள்? 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோதும் சிக்கல் மனிதர்களால்தான். இங்கிலாந்தின் செல்ட்டனம் பந்தயத்தில் நான்கு நாளில் சுமார் 2.5 லட்சம் பேர் கூடினார்கள். பத்தே நாளில் நாடு முடங்கியது. துபாய் உலகக் கோப்பைக் குதிரைப் பந்தயத்தை ஆறு நாள் முன்னால் ரத்து செய்தபோது, வெளிநாட்டுக் குதிரைகளும் ஆட்களும் ஏற்கெனவே போய் இறங்கியிருந்தார்கள்.

தம்பியிடம் கொரோனா நெகட்டிவ் சான்று இருந்தது. அதை வைத்து அவர் துணியையும் பிரஷ்ஷையும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பிரஷ்ஷைத் தூக்கிப் போடச் சொன்னேன். கடிவாளத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்து வெயிலில் காயவைக்கச் சொன்னேன். குளித்து உடை மாற்றினாலும், 14 நாள் லாயத்துக்குள் வரக்கூடாது என்றேன். கொரோனாவுக்காக வீட்டில் இருக்க வேண்டிய நாள் கணக்கும் அப்போது அதுதான். அண்ணனுக்கு வருத்தம். "ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கான் டாக்டர்" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

குதிரைக் காய்ச்சல் தொற்றிய ஒன்றிரண்டு நாளிலேயே காய்ச்சல் ஏறும். வறட்டு இருமல், மூக்கொழுகல் வரும். சும்மா நிற்கும் குதிரைக்கு 101.5 டிகிரிக்கு மேல் போனால் தனியே கட்டுங்கள். முன்பணம் வாங்கியிருந்தாலும் ஊர்வலத்துக்கு அனுப்பாதீர்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், வழியெல்லாம் இருமிக்கொண்டே வரும். முதலில் போன் செய்யுங்கள், நாங்களே வருகிறோம்.