ஜாமீன் கிடைத்தும் சிறையில் இருப்பவர்கள்: பணமில்லாத குடும்பங்கள் கேட்டு வாங்க வேண்டியவை

ஜாமீன் உத்தரவு வந்துவிட்டால் ஆள் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். பெயரில் சொத்தும் கையில் பணமும் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அதே நீதிமன்றத்தில் அதே பிரிவில் ஜாமீன் பெற்ற கூலித் தொழிலாளி, தனக்காக ஜாமீன் நிற்க இரண்டு பேர் கிடைக்காத ஒரே காரணத்தால் வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அவர்களில் ஏழைகளாக இருப்பவர்களுக்கென்று சட்டத்தில் சில வழிகள் உண்டு. யாரும் தாமாக வந்து அவற்றைச் சொல்வதில்லை, கேட்காமல் எதுவும் நகர்வதுமில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வழக்கமான ஜாமீன் உத்தரவு, பத்தாயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு ஜாமீன்தாரர்களும் கேட்கும். அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று சில உத்தரவுகளில் இருக்கும். தொகை சிறியதாகத் தெரிந்தாலும் சிக்கல் தொகையில் இல்லை. ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீது கொண்டுவர வேண்டும், சில நீதிமன்றங்களில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொத்து மதிப்புச் சான்றும் வாங்கி வர வேண்டும். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரிடம் பட்டா இருக்காது, வரி ரசீது இருந்தாலும் அது இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும். ரேஷன் கார்டையும் வங்கிப் பாஸ்புக்கையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தாயிடம், ரசீதில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்ற வராந்தாவில் நின்று பார்த்திருக்கிறேன். திரும்பி நடந்த அவரிடம், பணம் கொடுத்தால் இரண்டு ஜாமீன்தாரர்களைத் தானே கூட்டி வருவதாக ஒருவர் பேரம் பேசினார். அந்தத் தாய் காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பேரத்துக்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். தான் இதுவரை எத்தனை பேருக்கு ஜாமீன் நின்றிருக்கிறார் என்பதை ஒவ்வொரு ஜாமீன்தாரரும் எழுத்துமூலம் நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும். கூலிக்கு வருபவர் அதில் பொய் சொன்னாலோ போலி ரசீது கொடுத்தாலோ, பிற்பாடு ஜாமீன் ரத்தாகலாம். புதிய வழக்கில் உங்கள் பெயரும் சேரலாம்.

சட்டத்தில் உள்ளது வேறு. பிணைத் தொகை வழக்கின் சூழ்நிலையைக் கருதி நிர்ணயிக்கப்பட வேண்டும், மிகையாக இருக்கக் கூடாது என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 484 ஆவது பிரிவு சொல்கிறது. மாஜிஸ்திரேட் கேட்கும் தொகையைக் குறைக்கும்படி செஷன்ஸ் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் உத்தரவிடலாம். 1978 இல் மோதி ராம் என்ற கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டு, அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதால் அவரை ஏற்க மறுத்தபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அத்தனை ஆண்டுகள் கழித்தும் ‘உள்ளூர் ஆள்தான் வேண்டும்’ என்ற பதில் அலுவலகத்தில் கேட்கிறது. உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்றும், அத்தகைய நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 31 ஜனவரி 2023 அன்று சொல்லியிருக்கிறது. பல வழக்குகள் உள்ளவருக்கு அதே ஜாமீன்தாரர்கள் எல்லா வழக்குகளுக்கும் நிற்க, ஆகஸ்ட் 2024 இல் அதே நீதிமன்றம் அனுமதித்தது. அலுவலகத்தில் வாய்வார்த்தையாக மறுத்தால் அங்கே வாதாடிப் பயனில்லை. நிபந்தனையை மாற்றக் கோரி மனுவாகவே போடுங்கள், மறுப்பதானால் நீதிபதி எழுத்தில் மறுக்கட்டும்.

ஜாமீனில் விடக்கூடிய சிறு குற்றங்களுக்கு இவ்வளவு அலைச்சலே தேவையில்லை. கைதாகி ஒரு வாரத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவரை வறியவர் என்றே கருதி, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் என்று 478 ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு வாரம் முடிந்ததும் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மற்ற வழக்குகளுக்கு முக்கியமானது ஏழாம் நாள். மேற்சொன்ன 2023 உத்தரவின்படி, ஜாமீன் உத்தரவை நீதிமன்றம் அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் விடுதலையாகாவிட்டால், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பத்திரம் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். நடைமுறையில் ‘உத்தரவு இன்னும் வரவில்லை’ என்று சிறையும், ‘அன்றைக்கே அனுப்பிவிட்டோம்’ என்று நீதிமன்றமும் சொல்லிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவே குடும்பம் பஸ்ஸுக்குச் செலவழித்துக்கொண்டிருக்கும். உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தந்தை பெயரும் குற்ற எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சிறை வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

பிணைத் தொகையைக் கட்டவே வழியில்லாதவர்களுக்காக, ஏழைக் கைதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்றை மத்திய உள்துறை 2023 இல் கொண்டுவந்தது. அந்த வழிகாட்டுதலின்படி, ஆணைக்குழு விசாரித்து அனுப்பும் பெயரை, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் இடம்பெறும் குழு பார்த்து, விசாரணைக் கைதிக்கு ஒரு வரம்பு வரை (2023 இல் அது 40,000 ரூபாய்) நீதிமன்றத்தில் கட்டலாம். அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கும் ஒரு வரம்பு வரை (2023 இல் அது 25,000 ரூபாய்) கட்டலாம். கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் வழக்குகளுக்கு இது கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊழல் தடுப்பு, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு, உபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கும் கிடையாது. பணம் கைதியின் கைக்கோ குடும்பத்தின் கைக்கோ வராது, ஆகவே ‘திட்டப் பணம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று யார் வந்தாலும் நம்பாதீர்கள். பெயர் பட்டியலில் ஏற வேண்டுமானால் சிறைக் கண்காணிப்பாளர் அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால், ஜாமீன் தேதியைக் குறிப்பிட்டு, செயலாளருக்கு நேரடியாக மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்குங்கள்.

இலவச வக்கீல் கேட்டுச் செல்பவர்களை ‘வருமானச் சான்று கொண்டு வா’ என்று திருப்பி அனுப்பும் இடங்கள் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987 இன் 12 ஆவது பிரிவில் காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் கிடையாது. அந்தச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நிற்கும் நாட்கள் எல்லாம் சிறையில் கழியும் நாட்கள். அப்படிக் கேட்டால் பிரிவைச் சொல்லி மறுங்கள், அல்லது சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணை அழையுங்கள். நியமிக்கப்பட்ட வக்கீலின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.

ஏழைகள் அதிகமாக இழப்பது நாள் கணக்கில்தான். குற்றப்பத்திரிகை 60 நாளுக்குள், மரணம், ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களானால் 90 நாளுக்குள், தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஆனால் கெடு முடிந்த பின், குற்றப்பத்திரிகை வருவதற்கு முன், மனு போட்டிருக்க வேண்டும். வசதியுள்ளவரின் வக்கீல் கெடு முடிந்த மறுநாள் காலையே மனுவோடு நிற்பார், வக்கீலே இல்லாதவருக்கு அந்த நாள் கடந்துபோனது பிறகுதான் தெரியவரும். இன்னொரு பொறியும் உண்டு: ஜாமீன் உத்தரவு வாங்கியும் குறித்த காலத்துக்குள் ஜாமீன்தாரர்களைக் கொடுக்காமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அந்த உரிமை போய்விடும். எனவே மனு போடும்போதே ஜாமீன்தாரர்களின் ஆவணங்களையும் தயார் செய்யுங்கள்.

நீண்ட காலம் உள்ளே இருப்பவர்களுக்கு 479 ஆவது பிரிவு இருக்கிறது. முதல் முறைக்காரர், அதாவது இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் காவலில் இருந்துவிட்டால் அவரை விட வேண்டும், மற்றவர்களுக்கு அது பாதி. மூன்றாண்டு தண்டனைக்குரிய திருட்டு வழக்கில் முதல் முறைக்காரருக்கு அது ஓராண்டு. மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. இதற்கான மனுவை எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர் என்று அதே பிரிவில் இருக்கிறது. இந்தச் சட்டம் அமலுக்கு வந்த 1 ஜூலை 2024 க்கு முன் பதிவான வழக்குகளுக்கும் இது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது, ‘பழைய வழக்கு’ என்று மறுத்தால் ஏற்காதீர்கள். பெரிய தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் இந்தப் பிரிவில் விட முடியாது. ஒரே ஆள் மீது நாலைந்து திருட்டு வழக்குகளைச் சேர்ப்பது காவல் நிலையங்களில் வழக்கம் என்பதால், இந்த விதி தாக்குவதும் ஏழைகளைத்தான். எந்தெந்தக் குற்ற எண்கள் நிலுவையில் இருக்கின்றன என்று முதலில் கேட்டு எழுதி வாங்குங்கள், முடிந்துபோன வழக்கும் பட்டியலில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

வெளியே வந்த பிறகு, தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை பலருக்கு வரும். அந்த நேரத்தில் கூலி வேலைக்குப் போக முடியாது, போகாமல் இருந்தால் அடுப்பெரியாது. கையெழுத்தைத் தவறவிட்டால் ஜாமீனை ரத்து செய்ய அதையே காரணமாகக் காட்டுவார்கள். சில வாரம் ஒழுங்காகக் கையெழுத்திட்டு, அதற்கான பதிவோடு நிபந்தனைத் தளர்வு மனு போடலாம், அதையும் இலவச வக்கீலே போட்டுக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் உங்கள் கையெழுத்து விழுந்ததா என்று நின்று பார்த்துவிட்டே வேலைக்குக் கிளம்புங்கள்.