கேட்டது ஒரு மாடல், வந்தது வேறு மாடல்: ஆடியோ கருவி வாங்கியவருக்குச் சட்டம் தருவது என்ன?

உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ள பவர்டு ஸ்பீக்கர் என்று பேசிப் பணம் கொடுத்திருப்பீர்கள். பெட்டியைத் திறந்தால், தனியாக ஆம்ப்ளிஃபயர் வைத்தால்தான் பாடும் பாசிவ் ஸ்பீக்கர் இருக்கும். மின்தடை 8 ஓம் உள்ள ஸ்பீக்கர் கேட்டவருக்கு 4 ஓம் வரும். ஜோடி என்று விலை பேசியதில் ஒற்றை வரும். 230 வோல்ட் ரிசீவருக்குப் பதில் அமெரிக்கச் சந்தைக்குச் செய்த 120 வோல்ட் ரிசீவர் வரும். அதை நம் பிளக்கில் செருகினால் பவர் சப்ளை போய்விடும், பழியும் உங்கள் மேல் விழும். டீலரிடம் சொன்னால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல காட்டுங்க சார்." அங்கே போகாதீர்கள். பழுதான பொருள் வேறு, மாறி வந்த பொருள் வேறு. சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் (ரிப்பேருக்கு எடுத்துக்கொண்ட பதிவுச் சீட்டு) போட்டுவிட்டால், பொருளை ஏற்றுக்கொண்டு ரிப்பேர்தான் கேட்டீர்கள் என்று டீலர் தரப்பு வாதாட இடம் கிடைத்துவிடும்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் (பிரிவு 15). பிரித்துப் பார்த்துச் சோதிக்க வாங்கியவருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் (பிரிவு 41). ஆனால் மறுப்புச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலும், சொந்தப் பொருளைப் போலக் கையாண்டாலும் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும் (பிரிவு 42). பலருக்குத் தெரியாதது பிரிவு 43: வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வேண்டாம் என்று மறுத்த பொருளை நீங்கள் செலவு செய்து திருப்பி அனுப்பத் தேவையில்லை. ஏற்கவில்லை என்று தெரிவித்தாலே போதும். எடுத்துப்போவது விற்றவர் பாடு.

ஆகவே பெட்டி வந்த அன்றே வேலையை முடியுங்கள். பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், சீரியல் எண், இறக்குமதியாளர் பெயர் ஆகியவற்றையும் கருவியின் பின்பக்கத் தகட்டையும் படம் எடுங்கள். பெட்டி பிரிப்பதை வெட்டில்லாமல் வீடியோ எடுத்தால், உள்ளே இருந்ததே வேறு என்று காட்டலாம். மாடல் மாறியிருப்பது தெரிந்ததும் மின்சாரம் கொடுக்காதீர்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மோகோலையும் எறியாதீர்கள். பிறகு டீலருக்கு மின்னஞ்சலிலோ டெலிவரிச் சான்று கிடைக்கும் ஸ்பீட் போஸ்டிலோ எழுதுங்கள்: கேட்ட மாடல் இது, வந்த மாடல் இது, ஏற்கவில்லை, 15 நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும், இந்தப் பொருளை எடுத்துச் செல்லலாம். போனில் பேசுவது மரியாதைக்கு. வழக்குக்கு எழுத்துதான் உதவும்.

பில்லில் "ஸ்பீக்கர் – 1" என்று மட்டும் இருந்தால்தான் சிக்கல். அப்போது எந்த மாடல் பேசப்பட்டது என்பதற்குக் கொட்டேஷனும் வாட்ஸ்அப் உரையாடலுமே சாட்சி. அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் 2023 (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் இணைத்துவிடுங்கள். பில்லே தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் முறையற்ற வணிக நடவடிக்கை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும் காகிதம் இதை மாற்றாது.

ஆன்லைனில் வாங்கியிருந்தால் 2020 மின்வணிக விதிகளும் உண்டு. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

டீலர் அசையாவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் அது சமரச முயற்சிதான், உத்தரவு போடும் அதிகாரம் அதற்கில்லை. அதற்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் இங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்ற டீலரின் வாக்குறுதிகளால் அந்தக் கெடு நீளாது.

எதிர்த்தரப்பாக யாரைச் சேர்ப்பது? மாடலை மாற்றிக் கொடுத்தவர் டீலர் என்றால் டீலர் போதும். தயாரிப்பு நிறுவனத்தையும் இழுத்தால் அவர்கள் வக்கீல் வைத்து வாய்தா வாங்குவார்கள், உங்களுக்குக் காலம்தான் போகும். பொருள் போலி என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் கதை வேறு. நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. சட்டப்படி 3 மாதத்தில், பரிசோதனைக்கூட ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில், வழக்கு முடிய வேண்டும். நடைமுறையில் அதைவிட நீளும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மாடல் மாறிய வழக்கில் ஆய்வுக்கூடம் பெரும்பாலும் தேவைப்படாது, தகட்டின் படமே பேசும்.

மைக் செட், சவுண்ட் சர்வீஸ் நடத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. டீலரின் வக்கீல் முதலில் எடுக்கும் ஆயுதம் இதுவே. ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. ஓரிரு உதவியாளர் வைத்திருந்தாலும் அது பறிபோகாது என்று லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் (1995) உச்ச நீதிமன்றம் சொன்னது. தானே மிக்சர் முன் நின்று வேலை பார்ப்பவர், அதைப் புகார் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். ஆட்கள் வைத்து நான்கைந்து யூனிட் ஓட்டுபவருக்குச் சிவில் நீதிமன்றமே வழி.

பணத்தைத் திருப்பவும் இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிட்ட பிறகு டீலர் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போக 45 நாள் உண்டு. உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். போகாமலும் தராமலும் இருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 71-இல் நிறைவேற்று மனு, பிரிவு 72-இல் தண்டனை மனு. பின்னதில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.