வேனுக்குள்ளும் ஒரு கடைமடை

சித்தப்பா மகன் பழைய பதினேழு சீட் வேன் ஒன்றை வாங்கினான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சின்ன ஃப்ரிட்ஜ், மின்விசிறி எல்லாம் வைத்து அதை ஓடும் வீடாக்கிவிட்டான். இன்ஜின் பேட்டரியைத் தொடக்கூடாதென்று வீட்டுச் சாமான்களுக்குத் தனியாக ஒரு 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) டியூபுலர் வகை ஈய பேட்டரி. நான்கே மாதம்தான். குற்றாலத்தில் ஒரு ராத்திரி மின்விசிறி நின்றுபோனது. "சல்பேட் கட்டிட்டு அண்ணாச்சி, இனி தேறாது" என்றார் பேட்டரிக் கடைக்காரர்.

"பெரிய சார்ஜராப் போட்டுருவோம்ணே, 50 ஆம்பியர் போதுமா?" என்று என்னிடம் கேட்டான். எத்தனை ஆம்பியர் என்பது அப்புறம். முதலில் அந்தப் பேட்டரி எப்படிச் செத்தது என்று பார்த்தோம்.

ஈய பேட்டரியில் மின்சாரம் எடுக்கும்போது இரண்டு தட்டுகளிலும் ஈய சல்பேட் நுண்துகளாகப் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். நாள்கணக்கில் விட்டுவைத்தால் துகள்கள் ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாகும். பதநீர்ப் பாகை அசைக்காமல் வைத்தால் பனங்கற்கண்டு திரள்கிறதல்லவா, அப்படி. திரண்ட பிறகு எந்தச் சார்ஜராலும் அதைக் கரைப்பது கஷ்டம். ஆகவே ஈய பேட்டரி அடிக்கடி முழுசாக நிறைந்தே ஆகவேண்டும். பாதி வயிற்றோடு கிடந்தால் அதன் ஆயுள் போய்விடும்.

முழுசாக நிறைவதில்தான் சிக்கல். முதல் 80 சதவீதம் மளமளவென்று ஏறும். அதன்பின் மிச்சமிருக்கும் சல்பேட் தட்டின் நுண்துளைகளுக்குள் ஆழத்தில் இருக்கிறது. அமிலம் அங்கே ஊறிப் போய்வர நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு மின்சாரத்தைத் திணித்தால் தண்ணீர்தான் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும். நல்ல சார்ஜர் இதைத் தெரிந்து நடக்கும்: 14.4 வோல்ட் வரை வேகமாக ஏற்றும், பிறகு அங்கேயே நின்று சில மணி நேரம் மெல்ல ஊட்டும், நிறைந்தபின் 13.6 வோல்ட் அளவில் தாலாட்டும்.

இப்போது வேனின் கணக்கு. ஃப்ரிட்ஜ் நாளைக்கு 45 ஏ.எச்., மின்விசிறி 20, விளக்கும் போனும் 10. மொத்தம் 75, அதாவது பேட்டரியில் பாதி. திருநெல்வேலியிலிருந்து குற்றாலம் ஒன்றரை மணி நேரம். இன்ஜின் சுழற்சியில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டர் 30 ஆம்பியர் கொடுத்தால்கூட 45 ஏ.எச்.தான் ஏறும். செலவழித்தது 75!

அந்த 30 ஆம்பியராவது வந்து சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கன்னடியன் கால்வாயில் தலைமடைக்காரனுக்குத் தண்ணீர் புரளும். கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பான். வேனில் பின்பக்கப் பேட்டரிதான் கடைமடை. முன்னால் இன்ஜின், ஐந்து மீட்டர் பின்னால் பேட்டரி. போக வர பத்து மீட்டர் வயர். மெக்கானிக் போட்டிருந்தது 6 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். அதில் 30 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.86 வோல்ட் வழியிலேயே சூடாகிப் போய்விடும். 14.4 கிளம்பி 13.5 வந்து சேர்கிறது. மின்னோட்டம் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அதற்குள் குற்றாலம் வந்துவிடும். 16 ஸ்கொயர் எம்.எம். வயர் என்றால் இழப்பு 0.32 வோல்ட்தான். வயரில் காசு மிச்சம் பிடிப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

இதற்கு ஏற்றது டிசி-டிசி சார்ஜர். வந்து சேரும் வோல்ட்டை வாங்கி, பேட்டரிக்கு வேண்டிய 14.4 ஆக உயர்த்திக் கொடுக்கும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். இன்ஜின் ஓரமாக வைத்தால் வாங்கியும் புண்ணியமில்லை. 30 ஆம்பியர் வெளியே கொடுக்க அது உள்ளே 37 ஆம்பியர் அளவு இழுக்கும், அதனால் தடித்த வயர் எப்படியும் வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் இது பெரும்பாலும் கட்டாயம். டீசல் மிச்சம் பிடிக்க, இன்ஜின் பேட்டரி நிறைந்ததும் ஆல்டர்நேட்டரின் வோல்ட்டைத் தாழ்த்திவிடும் வண்டிகள் அவற்றில் பல. வெறும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து இரண்டு பேட்டரியையும் இணைக்கும் பழைய முறை அவற்றில் எடுபடாது.

ஆனால் கடைசி 20 சதவீதத்துக்காக இன்ஜினை ஓட்டிக்கொண்டே இருக்கமுடியாது. நிதானமாக நாள்முழுக்க ஊட்டுவது சோலார். கூரையில் 300 வாட் பேனல் போட்டால், நம்மூர் வெயிலில் சூட்டு இழப்பெல்லாம் போக, நாளைக்கு 80 ஏ.எச். அளவு எதிர்பார்க்கலாம். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நிற்கும் கன்ட்ரோலர், பேனலின் முழுத் திறனையும் தேடிப் பிடித்து பேட்டரிக்கேற்ற வோல்ட்டாக மாற்றும் எம்.பி.பி.டி. வகையாக இருக்கட்டும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரும் 100 வாட் பேனலை மலிவான பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் 13 வோல்ட் பேட்டரியோடு அப்படியே இணைப்பதால், கையில் கிடைப்பது 72 வாட்தான்.

ஒரு வேடிக்கை: எல்லோரும் குற்றாலம் போவது சாரல் சீசனில், வெயில் ஒளிந்துகொள்ளும் மாதங்களில். வெயில் காலத்திலோ வேனை மர நிழலில் நிறுத்தத் தோன்றும். பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மின்சாரம் பாதியாகிவிடலாம். அதனால் மூன்றாவதாக, தங்கும் இடத்தில் பிளக்கில் செருகும் 20 ஆம்பியர் மெயின்ஸ் சார்ஜர் ஒன்றும் சேர்த்தோம். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துவிட்டுக் கூரையில் சின்னக் காற்றாடி வைக்கலாமா என்றும் கேட்டான். நிற்கிற வேனின் உயரத்தில் காற்று பெரும்பாலும் போதாது. ஓடும்போது சுற்றினால் அது தின்பது டீசலை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு அரைவயிறாகக் கிடப்பதில் வருத்தமே இல்லை. இந்தக் கடைசி 20 சதவீதத் தொல்லை அதற்குக் கிடையாது. விலைதான் உறைக்கும். அதன் உள்தடை மிகக் குறைவு, கிடைக்கிற ஆம்பியரையெல்லாம் விழுங்கும். நேரடியாக இணைத்துவிட்டு இன்ஜினை ஐடிலில் விட்டால், மெதுவாகச் சுற்றும் ஆல்டர்நேட்டர் போதிய காற்றில்லாமல் வெந்துபோகலாம். அதற்கும் டிசி-டிசி சார்ஜர்தான் கடிவாளம்.

அவன் மறுபடியும் டியூபுலரே வாங்கினான். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய வேனுக்குள் பேட்டரி 45 டிகிரியைத் தொட்டுவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 24 மில்லிவோல்ட் வீதம் குறைத்தால், 14.4 என்பது 13.9 ஆகவேண்டும். குறைக்காவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். சார்ஜர் பெட்டிக்குள் வெப்பம் பார்க்கும் ஒரு சின்ன சென்சார் வயர் கூடவே வந்திருந்தது. பாலித்தீன் உறையைப் பிரிக்காமலே தூக்கிப்போடப் பார்த்தான். வாங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையில் நானே முறுக்கிவிட்டு வந்தேன்.