நார்டன்: குருட்டு முக்கு இல்லாத கோட்டை நகரம்

வட்டக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் காவலனுக்கு அந்தக் கோபுரத்தின் அடிவாரம் தெரியாது. எட்டிப் பார்த்தால் தலை போகும். பக்கத்துக் கோபுரத்திலிருந்து சுட்டாலும், வளைவின் முன்புறம் சுவரோடு ஒட்டி நிற்பவன் மேல் குண்டு படாது. அந்த முக்கில் நான்கு பேர் புகுந்து சுவரைக் குடைந்து வெடிமருந்து வைத்துவிட்டால் கோட்டையின் கதை முடிந்தது. இந்தக் குருட்டு முக்கை ஒழிக்கத்தான் இத்தாலியப் பொறியாளர்கள் வட்டக் கோபுரத்தைக் கைவிட்டுக் கூர்முனைக் கொத்தளத்துக்கு, அதாவது மதிலிலிருந்து வெளியே கோணமாக நீளும் பீரங்கி மேடைக்கு, மாறினார்கள். அந்த ஏற்பாடு சிதையாமல் நிற்கும் இடங்களில் ஒன்று நெதர்லாந்தின் நார்டன். ஆம்ஸ்டர்டாமுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர். ஆறு கொத்தளங்கள், இரண்டு சுற்று அகழி, உள்ளே இன்றும் மக்கள் குடியிருக்கும் சிறு நகரம்.

வானிலிருந்து எடுத்த படத்தில் இது அழகான நட்சத்திரமாகத் தெரியும். அழகுக்காக வரைந்த கோடு அதில் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு கொத்தளத்துக்கும் வெளியே பார்க்கும் இரண்டு முகங்களும், அவற்றை மதிலோடு இணைக்கும் இரண்டு பக்கவாட்டுச் சுவர்களும் உண்டு. உயிர்நாடி இந்தப் பக்கவாட்டுகள்தான். ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் நிற்கும் பீரங்கி எதிரே வெட்டவெளியைப் பார்ப்பதில்லை. அடுத்த கொத்தளத்தின் முகத்தை ஒட்டி, அகழியின் நீளவாக்கில் பார்க்கிறது. முகத்தின் கோடும் பீரங்கி சுடும் கோடும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அங்கே ஒளிந்துகொள்ள ஒரு முழ இடம்கூட மிஞ்சாது. சிறு குண்டுகளைத் திணித்து ஒருமுறை சுட்டால் முகத்தின் முழு நீளமும் துடைக்கப்பட்டுவிடும். நார்டனில் இந்தப் பக்கவாட்டுகளைச் சற்று உள்ளே தள்ளி, கொத்தளத்தின் தோளுக்குப் பின்னால் மறைத்திருக்கிறார்கள். வெளியே நிற்கும் எதிரியின் பீரங்கிக்கு அவை தெரியாது. அகழிக்குள் இறங்கியவனுக்கோ தப்ப வழியில்லை.

நேரில் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, ஏதாவது ஒரு கொத்தளத்தின் பக்கவாட்டில் ஏறி, அடுத்த கொத்தளத்தின் முகத்தை நோக்கிக் கண்ணை ஓடவிடுவது. வரைபடத்தை ஒரு மணி நேரம் பார்த்தும் பிடிபடாத விஷயம் அங்கே ஒரு நொடியில் பிடிபடும். கொத்தளங்களுக்கு இடையே உள்ள தூரமும் தற்செயலானதல்ல. 17ஆம் நூற்றாண்டு மஸ்கெட் துப்பாக்கியின் குண்டு சுமார் 200 மீட்டருக்கு மேல் நம்பகமாகப் போய்ச் சேராது. எனவே அந்தக் காலத்துக் கொத்தளங்கள் ஒன்றையொன்று துப்பாக்கியாலும் காக்கும் நெருக்கத்தில் அமைந்தன.

அடுத்தது மண். கல் மதிலில் இரும்புக் குண்டு மோதினால் கல் வெடித்துச் சில்லுகளாகப் பறக்கும். அந்தச் சில்லுகளும் வீரர்களைக் கொன்றன. மண்மேட்டில் குண்டு புதைந்துவிடும். அதன் வேகம் முழுவதும் மண்ணை இறுக்குவதிலேயே செலவாகிவிடும். பள்ளம் விழுந்தால் இரவோடு இரவாக மண்வெட்டியால் சரிசெய்யலாம். நெதர்லாந்தில் கல் அரிது, நிலத்தடி நீரோ மிக மேலே. அகழி வெட்டினால் தானாகவே நீர் நிறைந்தது. வெட்டிய மண் அப்படியே மதிலானது. மண்ணைச் செங்குத்தாக நிறுத்த முடியாது, சரிவாகத்தான் நிற்கும், சரிவில் எதிரி ஏறிவிடலாம் என்பது இதன் குறை. அதை ஈடுகட்டவே அகழி இவ்வளவு அகலம். இதே டச்சுக்காரர்கள் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். அங்கே கையில் கிடைத்தது பவளக்கல். பொருள் மாறியது, கோணக் கணக்கு மாறவில்லை. அதன் கொத்தளங்களுக்கு உட்ரெக்ட், கெல்டர்லாந்து என்று தாய்நாட்டு மாகாணப் பெயர்களையே வைத்தார்கள்.

ஆனால் மதிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் நார்டனில் பாதியைத்தான் பார்த்ததாகும். இந்த நகரம் ஒரு பெரிய நீர் அரணின் பூட்டு. ஹாலந்தின் தாழ்நிலங்களை மதகுகளைத் திறந்து மூழ்கடிப்பதுதான் அந்த அரண். நீரின் ஆழம் முழங்கால் அளவு, சுமார் 40 சென்டிமீட்டர். படகு விடப் போதாது. வண்டியும் பீரங்கியும் இழுக்க முடியாது. நடந்தால் நீருக்கடியில் மறைந்திருக்கும் வாய்க்கால்களில் கழுத்தளவு விழ வேண்டும். ஆழத்தை இந்த அளவிலேயே நிறுத்துவதில்தான் சிரமம். நிலம் எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் இல்லாததால், கரைகளால் தொட்டி தொட்டியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி நீர்மட்டம் வைத்தார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் நிரப்பவே 4 லட்சம் கனமீட்டர் நீர் வேண்டும். உத்தரவு போட்ட மறுநாள் வெள்ளம் தயாராகிவிடாது.

1672இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை வந்தபோது இந்தத் தாமதம்தான் உயிர்ப் பிரச்சினையானது. விளைநிலம் மூழ்குவதை விவசாயிகள் எதிர்த்தார்கள். கடலோர மதகுகளில் உப்பு கலந்த நீர் உள்ளே வந்தால் அடுத்த விளைச்சலும் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பராமரிப்பின்றிக் கிடந்த நார்டன் ஜூன் மாதம் எளிதாகப் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தது. பக்கத்து மதகு நகரமான மவுடன் மயிரிழையில் தப்பியதால்தான் ஆம்ஸ்டர்டாம் பிழைத்தது. 1673 செப்டம்பரில் டச்சுப் படைத் தலைவர் மூன்றாம் வில்லியம் சில நாள் முற்றுகையில் நார்டனை மீட்டார். இன்று நாம் காணும் கோட்டை அதற்குப் பிறகு, பெரும்பாலும் 1675 முதல் 1685 வரை கட்டப்பட்டது.

ஏன் இந்த ஊருக்கு இவ்வளவு செலவு? நார்டனுக்குக் கிழக்கே உள்ளது கோய் என்னும் மணல் மேடு. அது வெள்ளத்துக்கு எட்டாத உயரம். வடக்கே அன்று கடல், தென்மேற்கே நார்டர்மேர் ஏரி. இரண்டுக்கும் நடுவே ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் காய்ந்த பாதை இந்த ஊரின் வழியாகத்தான். நீரால் அடைக்க முடியாத இடைவெளியைப் பீரங்கியால் அடைத்தார்கள். கோட்டையைச் சுற்றி மணலைத் தோண்டி நிலத்தைத் தாழ்த்தவும் செய்தார்கள்; எதிரிக்கு மேடு கிடைக்காமல் போனது, தோண்டிய மணல் ஆம்ஸ்டர்டாமின் கட்டுமானத்துக்குப் பயன்பட்டது.

இந்த இயந்திரத்தின் பெரிய பகை உறைபனி. நீர் உறைந்தால் அரண் சாலையாகிவிடும். 1672 டிசம்பரில் பிரெஞ்சுப் படை பனிக்கட்டி மேலேயே நடந்து ஹாலந்துக்குள் புகுந்தது. திடீரெனப் பனி உருகியதால்தான் முன்னேற்றம் நின்றது. பிரெஞ்சுப் படை மீண்டும் வந்த 1795இல் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அகழியின் நடுவே பனிக்கட்டியை அறுத்து அறுத்துத் திறந்த நீர்ப்பாதை வைத்திருப்பது காவற்படையின் குளிர்கால வேலை. ஒரு இரவு விட்டால் மீண்டும் மூடிக்கொள்ளும்.

கடைசியில் கோட்டையைத் தோற்கடித்தது பீரங்கிக் குழலுக்குள் வெட்டிய மரை. சுழன்று செல்லும் குண்டு தொலைவிலிருந்தே இலக்கைத் தொட்டது. 1870களில் குண்டு துளைக்காத படைவீடுகளை மண்ணுக்கடியில் கட்டிப் பார்த்தார்கள். 1880களில் உயர்வெடி நிரப்பிய குண்டுகள் வந்ததும் செங்கல் வளைவுகளும் தாங்கவில்லை. 1926இல் நார்டன் கோட்டை என்ற தகுதியை இழந்தது. 2021இல், இந்த நீர் அரணின் பிற்கால வடிவமான புதிய டச்சு நீர் அரண் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

சுற்றிப் பார்க்க நார்டன்-புஸ்ஸும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வரலாம். மண்மேட்டின் புல் ஈரத்தில் வழுக்கும், சரிவுக்குக் கைப்பிடி கிடையாது. பிடிப்புள்ள காலணி அவசியம். டர்ஃப்போர்ட் கொத்தளத்தில் உள்ள கோட்டை அருங்காட்சியகத்தைத் தவறவிடக் கூடாது. அங்கே தரைக்கடியில் ஓடும் ஒட்டுக்கேட்கும் சுரங்கத்தில், எதிரி குழி பறிக்கும் ஓசைக்காக வீரர்கள் காது கொடுத்து நின்றார்கள். 1877இல் கட்டிய உட்ரெக்ட் வாயிலைப் பார்த்தபின் வெளியே வந்து திறந்த வெளியையும் கவனிக்க வேண்டும். 1853ஆம் ஆண்டுச் சட்டம் கோட்டைகளைச் சுற்றி 300, 600, 1000 மீட்டரில் மூன்று வளையங்கள் போட்டது. முதல் வளையத்துக்குள் வீடு கட்டினால் மரத்தில்தான் கட்ட வேண்டும். போர் வந்தால் எரித்துவிட்டுச் சுடும் பாதையைத் திறப்பதற்காக. அந்தச் சட்டம் 1963 வரை புத்தகத்தில் இருந்தது.